விற்பனை எப்படிச் செலவாகும்?

என் தங்கையின் மகள் சாதாரண தரப் பரீட்சையில் எட்டுப் பாடங்களில் 'ஏ' சித்தியும் ஒரு பாடத்தில் 'பீ' சித்தியும் பெற்றாள். அந்தப் 'பீ' விஞ்ஞானத்துக்கோ கணிதத்துக்கோ கிடைத்ததன்று, சங்கீதத்துக்குக் கிடைத்தது. ஆகவே உயர்தரத்தில் அவள் உயிரியலோ பௌதிகமோ படிப்பதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. பெறுபேறு வந்து மூன்றாம் நாள், தான் வர்த்தகப் பிரிவில் சேர்ந்து கணக்கீடும் பொருளியலும் வணிகக் கல்வியும் படிக்கப் போவதாக அறிவித்தாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர எவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அறிந்தேன்.

தங்கை எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். ரொறன்ரோவிலிருந்து பெரியப்பா ஒருவர், "இவ்வளவு நல்ல ரிசல்ற்றோட கொமேர்ஸோ?" என்று கேட்டாராம். அவர் அங்கே இருபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்து வருவது கணக்காளர் வேலை. அந்த வேலையில் உழைத்துத்தான் இங்கே மூன்று வீடுகளுக்குக் கூரை போட்டுக் கொடுத்தார். அவரே அப்படிக் கேட்டது எனக்கு வியப்பாக இருக்கவில்லை. தான் வந்த வழியால் பிள்ளைகள் வரக்கூடாது என்று நினைப்பது எங்களவர்களின் இயல்பு.

பத்திரிகையில் எழுதுகிறவர் சொன்னால் பிள்ளை கேட்பாள் என்ற நம்பிக்கையில் என்னைச் சமரசத்துக்கு அனுப்பினார்கள். நான் கலைப் பட்டதாரி. எண்களைக் கண்டால் ஒதுங்கிப் போய்த் தமிழும் வரலாறும் படித்தவன். சமரசம் பேசப் போனவன் கட்சி மாறித் திரும்பினேன் என்பதைத் தங்கை இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் ஊரில் பாடங்களுக்கும் சாதி உண்டு. மருத்துவமும் பொறியியலும் மேலே. அவற்றுக்கு எட்டாதவர்களுக்கு வர்த்தகம். எதற்கும் எட்டாதவர்களுக்குக் கலை. அதிபர்களும் ஆசிரியர்களும் இதை மேடையில் மறுப்பார்கள். வகுப்புப் பிரிக்கும்போது இதையே செய்வார்கள். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சறுக்கிய பிள்ளையை வர்த்தக வகுப்பின் வாசலில் கொண்டுபோய் விடுவது அங்கே ஓர் ஆறுதல் பரிசு போல நடக்கும். கிராமப்புறத்தில் நிலைமை வேறு. அங்கே பிள்ளைக்குத் தெரிவே கிடையாது. விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளை 1ஏபி என்றும், கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவற்றை 1சி என்றும் எங்கள் கல்வி அமைச்சு வகைப்படுத்தியிருக்கிறது. வன்னியில் ஒரு 1சி பாடசாலைக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளை, நாளும் நெடுந்தூரம் பஸ்ஸில் போய்வர வசதி இல்லாவிட்டால், தன் பதினாறாவது வயதில் கலை அல்லது வர்த்தகம் என்றே தீர்மானிக்கப்பட்டு விடுகிறாள். அவள் திறமை பற்றி எவரும் எதுவும் கேட்பதில்லை.

ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. வர்த்தகப் பிரிவுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. முல்லைத்தீவுப் பிள்ளை முல்லைத்தீவுப் பிள்ளைகளோடுதான் பெரும்பாலும் போட்டியிட வேண்டும். யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்தால், குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்த பிள்ளைகளைக் காணலாம்.

இனி நான் ஏன் கட்சி மாறினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு என் மானம் போன கதை ஒன்றைச் சொல்லாமல் முடியாது.

நிருபராகச் சேர்ந்த புதிதில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். கூட்டம் முடிந்ததும் தலைவர் அச்சிட்ட அறிக்கையைத் தந்தார், சோடாவும் தந்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இலாபம் என்று ஒரு தொகை இருந்தது. 'சங்கம் இலாபத்தில் இயங்குகிறது' என்று தலைப்பிட்டு எழுதினேன். இரண்டு நாட்களின் பின் ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர் ஒருவர் அந்தப் பத்திரிகையையும் அறிக்கையையும் ஒன்றாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். வந்தவர் கோபப்படவில்லை. என் மேசைக்கு முன்னால் இருந்து, "தம்பி, இதில எங்க லாபம் இருக்கு? எனக்கு ஒருக்காக் காட்டும்" என்றார்.

அவர் காட்டியவை மூன்று. களஞ்சியத்தில் நான்கு வருடங்களாகக் கிடந்து உக்கிப்போன துணிக்கட்டுகள் வாங்கிய விலையிலேயே கையிருப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தன. இடம்பெயர்ந்து போய், திரும்பி வருவார்களா என்றே தெரியாதவர்களிடமிருந்து வரவேண்டிய கடன், வந்து சேரும் பணம் போலவே காட்டப்பட்டிருந்தது. சங்கத்தின் லொறிக்குப் பெறுமானத் தேய்வு கழிக்கப்படவே இல்லை. இந்த மூன்றையும் பென்சிலால் கழித்துப் பார்த்தார். சங்கம் நட்டத்தில் இருந்தது. ஓர் எழுத்தும் பொய் இல்லாமல், எல்லாத் தொகைகளும் சரியாகக் கூட்டப்பட்டு, அந்த அறிக்கை என்னை ஏமாற்றியிருந்தது. நான் என் வாசகர்களை ஏமாற்றியிருந்தேன். பட்டப்படிப்பில் நான்கு வருடங்கள் மூல ஆவணங்களை ஐயத்தோடு வாசிக்கக் கற்றவன் நான். ஒரு கல்வெட்டைச் சந்தேகிக்கத் தெரிந்த எனக்கு ஓர் ஐந்தொகையைச் சந்தேகிக்கத் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பெரியவரிடம் மாலை வேளைகளில் ஆறேழு மாதங்கள் போனேன். நான் அறிந்த கணக்கீடு எல்லாம் அவர் திண்ணையில் படித்ததுதான்.

கணக்கீடு கணிதம் அன்று. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தலுக்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அது ஒரு மொழி. அந்த மொழிக்கு இலக்கணம் ஒன்றே: எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு முகங்கள் உண்டு, இரண்டையும் எழுது. ஒரு கடை சைக்கிள் ஒன்றைக் கடனுக்கு வாங்கினால் சொத்து கூடுகிறது. அதே தொகைக்குப் பொறுப்பும் கூடுகிறது. எங்கேயோ இருந்து வராமல் எதுவும் வருவதில்லை என்பதைக் கணக்கேடு ஒவ்வொரு வரியிலும் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த இரட்டைப் பதிவு முறையை இத்தாலிய வணிகர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தார்கள். லூகா பச்சியோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி 1494 இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட தன் கணித நூலில் அதற்கு ஒரு பகுதியை ஒதுக்கி விளக்கினார். அவரைக் கணக்கீட்டின் தந்தை என்று பாடநூல்கள் சொல்கின்றன. அவர் கண்டுபிடித்தவர் அல்லர், கேட்டு எழுதியவர். ஒரு வகையில் எங்கள் தொழில்தான். லியனார்டோ டா வின்சியின் நண்பராகவும் அவர் இருந்தார் என்பதை எங்கள் மாணவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. பரீட்சைக்கு வராது.

மருமகள் வகுப்புத் தொடங்கிய முதல் மாதத்தில் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, காசுக்குப் பொருள் வித்தால் காசுக் கணக்கில வரவு. சரி, அது விளங்குது. விற்பனைக் கணக்கில ஏன் செலவு எண்டு எழுத வேணும்? விற்பனை எப்பிடிச் செலவாகும்? ரீச்சரிட்டக் கேட்டன். அது அப்பிடித்தான், பாடமாக்கு எண்டு சொல்லிட்டா."

நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அந்தப் பெரியவரின் திண்ணையில் நானும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தேன். இலங்கையின் பாடநூல்களில் ஒரு கணக்கின் இடப்பக்கத்துக்கு 'வரவு' என்றும் வலப்பக்கத்துக்குச் 'செலவு' என்றும் பெயர். தமிழ்நாட்டில் இடப்பக்கம் 'பற்று', வலப்பக்கம் 'வரவு'. அதாவது, நாங்கள் எதை வரவு என்கிறோமோ அதற்கு நேர்மாறானதைப் பாக்கு நீரிணைக்கு அப்பால் வரவு என்கிறார்கள். சென்னையில் அச்சான கணக்குப் பதிவியல் வழிகாட்டி ஒன்றை வாங்கி யாழ்ப்பாணத்தில் படிக்க முயன்ற மாணவன் ஒருவன் ஒரு வாரம் பித்துப் பிடித்தவன் போல அலைந்ததை நான் அறிவேன். நாங்கள் பெறுமானத் தேய்வு என்பது அங்கே தேய்மானம். எங்கள் பரீட்சை மீதி அங்கே இருப்பாய்வு. எங்கள் அறவிடமுடியாக் கடன் அங்கே வாராக்கடன். எங்கள் தொங்கல் கணக்கு அங்கே அனாமத்துக் கணக்கு. இவற்றில் வாராக்கடனும் அனாமத்தும் எங்களுடையவற்றைவிட அழகானவை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஐந்தொகை மட்டும் எங்களுடையது அழகு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பேரேடுகளோடு வந்த பழைய சொல் அது. தமிழ்நாட்டுப் பாடநூல் அதைக் கைவிட்டு இருப்புநிலைக் குறிப்பு என்று எழுதுகிறது. சர்வதேச நியமங்களைத் தழுவிய கணக்கீட்டு நியமங்கள் 2012 ஜனவரி 1 முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தபின் எங்கள் வகுப்பறைகளிலும் 'நிதி நிலைமைக் கூற்று' என்ற மூன்று சொற்கள் வந்து ஐந்தொகையை ஓரங்கட்டிவிட்டன.

மருமகளின் கேள்விக்குப் பெரியவர் எனக்குச் சொன்ன பதிலையே சொன்னேன். அந்த இரண்டு சொற்களையும் வீட்டுப் பாவனைப் பொருளில் எடுக்காதே. வரவு என்றால் இடப்பக்கம். செலவு என்றால் வலப்பக்கம். ஒரு கணக்கை ஓர் ஆளாக நினைத்துக்கொள். காசு என்ற ஆள் வாங்கினான், அவனுக்கு வரவு. விற்பனை என்ற ஆள் பொருளைக் கொடுத்தான், அவனிடமிருந்து போனது, அவனுக்குச் செலவு. அவள் சற்று நேரம் மேலே பார்த்து யோசித்துவிட்டு, "அப்ப வங்கிப் புத்தகத்தில நாங்கள் போட்ட காசை அவை மற்றப் பக்கம் எழுதுறது, அது அவையின்ர பேரேடு எண்டதாலயோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளை கணக்கீடுதான் படிக்க வேண்டும் என்று அன்று மாலையே தங்கைக்குச் சொல்லிவிட்டேன்.

'பாடமாக்கு' என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் என் மனத்தாங்கல் இருக்கிறது. ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. இரண்டு வருடங்களுக்குள் பாடத்திட்டத்தை முடித்து, கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்து, பிள்ளையின் இசட் புள்ளியை வெட்டுப்புள்ளிக்கு மேலே ஏற்றிவிட வேண்டிய நெருக்கடி அவருக்கு. மாலையில் தனியார் கல்வி நிலையத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கியில் கணக்கீடு நடக்கிறது. இன்ன வகைக் கேள்வி வந்தால் இன்ன படிவத்தைக் கீறு, இன்ன தொகையை இங்கே போடு என்று பயிற்றுகிறார்கள். பிள்ளைகள் 'ஏ' எடுக்கிறார்கள். ஆனால் 'ஏ' எடுத்த ஒரு பிள்ளையிடம் தன் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வருடாந்தக் கணக்கறிக்கையைக் கொடுத்துப் பாருங்கள். 'இதில் செம்மையாக்கங்கள் தரப்படவில்லையே' என்று திருப்பித் தந்துவிடும். பரீட்சை வினாவில் கீழே குறிப்புகளாகத் தரப்படும் விடயங்களை வாழ்க்கையில் நாங்கள்தான் போய்த் தேட வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்படவில்லை.

மன்னாரில் ஒரு கடற்றொழிலாளி தன் வருமானத்தை எனக்கு விளங்கப்படுத்தினார். எரிபொருள், ஐஸ், வலை திருத்தியது, கூலி எல்லாம் போக வருடத்துக்கு மூன்றரை இலட்சம் மிஞ்சுகிறது என்றார். படகு இயந்திரத்தை ஆறு இலட்சத்துக்கு வாங்கியிருந்தார். ஆறு வருடங்கள் உழைக்கும் என்றார். அப்படியானால் வருடத்துக்கு ஓர் இலட்சம் ரூபா இயந்திரம் தேய்ந்துகொண்டிருக்கிறது. அவருக்கு மிஞ்சுவது இரண்டரை இலட்சம்தான். மீதி ஓர் இலட்சத்தையும் வருமானம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஏழாவது வருடம் புதிய இயந்திரத்துக்கு முதலாளியிடம் கடன் கேட்டு நிற்கிறார். பிடிக்கும் மீனை முதலாளி சொல்லும் விலைக்கே கொடுக்கும் நிபந்தனையோடு அந்தக் கடன் வருகிறது. பெறுமானத் தேய்வு என்பது வர்த்தக வகுப்பில் ஒன்பதாம் வினா அன்று. எங்கள் கடற்கரையில் அது தலைமுறைக் கடன். இந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டியபோது, பக்கத்தில் நின்ற அவருடைய மகன், தான் உயர்தரத்தில் கணக்கீடு படிப்பதாகச் சொன்னான். "ஏன் தம்பி, இதை நீர் அப்பாவுக்குச் சொல்லேல்லையே?" என்று கேட்டேன். "இது எங்கட படகு, கம்பனி இல்லைத்தானே" என்றான்.

வீட்டுக்கு வந்து சேரும் கடன் பத்திரங்களும் அப்படித்தான். ஓர் இலட்சம் ரூபா, வருடத்துக்கு 24 வீத வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை என்று ஒரு நுண்கடன் முகவர் சொல்கிறார். மாதம் 10,333 ரூபா கட்ட வேண்டும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே முதலில் ஒரு பங்கு திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு இலட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதியில் வைத்துப் பார்த்தால் அந்த வட்டி ஏறத்தாழ 42 வீதம். போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பெண்கள் இந்த 24 ஐ நம்பிக் கையெழுத்திட்டார்கள் என்பதை அந்தப் பகுதிகளில் செய்தி சேகரித்தவர்கள் அறிவார்கள்.

கணக்குத் தெரிந்தவன் திருடமாட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. 2001 இல் அமெரிக்காவில் சரிந்த என்ரன், 2009 இல் இந்தியாவில் அம்பலமான சத்தியம் நிறுவனம் ஆகியவற்றில் நடந்ததெல்லாம் கணக்குத் தெரிந்தவர்களின் கைவேலை. அதனால்தான் கணக்குத் தெரியாதவர்கள் இன்னும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

எங்கள் கோயில் பொதுக்கூட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடுகளிலிருந்து பணம் வருகிறது, கோபுரம் எழும்புகிறது, பொருளாளர் கணக்கு வாசிக்கிறார். இரண்டு பக்கமும் சதம் பிசகாமல் சமப்பட்டது என்று அறிவித்ததும் கைதட்டல். உயர்தரக் கணக்கீட்டின் முதல் வருடத்திலேயே ஒரு பாடம் வருகிறது: பரீட்சை மீதி சமப்பட்டாலும் வெளிப்படாத வழுக்கள் எவை? கிடைத்த நன்கொடை ஒன்று பற்றுச்சீட்டே இல்லாமல் போனால் அது இரண்டு பக்கத்திலும் இல்லை. ஆகவே கணக்கு சமப்படும். அது விடுவழு. பழைய மண்டபத்துக்குப் பூசிய வர்ணத்தைப் புதிய கட்டடம் என்று எழுதினாலும் கணக்கு சமப்படும். அது கோட்பாட்டு வழு. ஒரு பக்கத்துத் தவறும் மறுபக்கத்துத் தவறும் ஒரே தொகையானால் அப்போதும் சமப்படும். சமப்படுவது நேர்மைக்குச் சான்றாகாது என்பதைப் பதினேழு வயதில் படித்த பிள்ளைகள் அந்தக் கூட்டத்திலேயே பின்வரிசையில் இருக்கிறார்கள். பெரியவர்கள் முன்னால் அவர்கள் வாய் திறப்பதில்லை. லண்டனிலும் பரிஸிலும் சிட்னியிலும் இருந்து பணம் அனுப்பும் வாசகர்கள் இனிமேல் கணக்கறிக்கையின் படம் ஒன்றை மட்டும் கேட்காமல், பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் இலக்கத் தொடரையும் கேட்பார்களானால் நன்று.

2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்குக் கிடைத்த நல்ல சட்டங்களில் ஒன்று. ஒரு பிரதேச சபையின் கணக்கை ஒரு சாதாரண குடிமகன் கேட்டுப் பெறலாம். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளும் பொதுவில் கிடைக்கின்றன. கேட்டுப் பெற்ற தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் கொண்டுவந்து தந்தவர்கள் பலர். எங்கள் பத்திரிகைக்காரர்கள் நிலையும் அதுவே. இந்த நாடு 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு முந்திய வருடங்களின் எங்கள் செய்தித் தலைப்புகளை எடுத்துப் பாருங்கள். 'இத்தனை கோடி டொலர் கிடைத்தது' என்று எழுதினோம். கிடைத்தது கடன். வரவு என்று ஒரு பக்கத்தை மட்டும் எழுதினோம். பொறுப்பு என்ற மறுபக்கத்தை எழுதவில்லை. நான் எழுதிய தலைப்புகளும் அவற்றில் உண்டு.

ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயர்தரம்வரை தமிழில் கணக்கீடு படித்த பிள்ளை முகாமைத்துவ பீடத்தில் நுழைந்ததும் பெரும்பாலும் ஆங்கிலமே போதனா மொழி. 1959 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் மேல்நிலைப் பரீட்சைகளுக்கும் ஆங்கிலம் இன்றி அசைய முடியாது. தெரிந்த விடயத்தையே தெரியாத பெயரில் மீண்டும் கற்கும் அந்த முதல் வருடத்தில் பல பிள்ளைகள் மனமுடைந்து போகிறார்கள். இதற்குப் பாடசாலையிலேயே ஆங்கில மொழிமூலம் படிப்பித்தால் போயிற்று என்பார் உளர். எனக்கு அது உடன்பாடில்லை. மன்னார் மகனுக்குத் தமிழில் படித்ததே படகுவரை போகவில்லை; ஆங்கிலத்தில் படித்தால் வாசலையும் தாண்டாது. பேரேட்டில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் முதல் நாளிலிருந்தே எழுதப் பழக்கினால் போதும். மொத்தம் இருநூறு முந்நூறு சொற்கள்தான். அவற்றைப் படிப்பிக்க ஓர் ஆணைக்குழு தேவையில்லை.

கலைப் பிரிவு மாணவர்களுக்கும் ஒரு வருடம், பரீட்சை இல்லாமல், கணக்கறிக்கை வாசிக்கப் பழக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாளைய கிராம அலுவலர்களும் ஆசிரியர்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் பத்திரிகைக்காரர்களும் அங்கிருந்துதான் பெரும்பாலும் வருகிறார்கள். இதை ஒரு கல்வி அதிகாரியிடம் சொன்னேன். நல்ல யோசனை, எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. தொங்கல் கணக்கில் இருக்கிறது போலும்.

மருமகளிடம் சில வாரங்களுக்கு முன் ஒரு கதை சொன்னேன். அதைப் பத்திரிகையில் நான் எழுதியதில்லை. போர் முடிந்த பின் ஒருமுறை புத்தளத்துக்குப் போயிருந்தபோது முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இரண்டு மணிநேர அவகாசத்தில் கடையைப் பூட்டாமலே புறப்பட்டவர்களில் ஒருவர். பேரேடும் சிட்டைகளும் மேசையிலேயே இருந்தன என்றார். நான் என் ஊர்ப் பெயரைச் சொன்னதும், கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊரில் தனக்குக் கடன் தரவேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். தொகையும் சொன்னார். இன்னாருக்குக் கிணற்றுக் கப்பி, இன்னாருக்கு வீட்டுக்குக் கம்பி, இன்னாருக்குக் கதவுப் பிணைச்சல். எல்லாம் அக்காலத்து விலையில். பதினொரு பெயர்கள். அவற்றில் நான்கு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் எனக்கு மாமன் முறை. கேட்பதற்காக அவர் சொல்லவில்லை. மறந்துவிடவில்லை என்று தனக்கே உறுதிப்படுத்திக்கொள்வதற்காகச் சொன்னார் என்றுதான் எனக்குப் பட்டது. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஊருக்கு வந்து அந்த மாமனிடம் இதைச் சொன்னபோது, "அந்தக் கடை எரிஞ்சு போச்சு, கணக்கும் போச்சுத்தானே" என்றார்.

மருமகள் கதையைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அவரின்ர பேரேட்டில அந்த மாமா கடன்பட்டோர். மாமான்ர வீட்டுக் கணக்கில அவர் கடன்கொடுத்தோர். ஒரு புத்தகம் எரிஞ்சால் மற்றப் புத்தகத்தில இருக்கிறது எப்பிடிப் போகும்?"

மாமன் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். நான் இன்னும் அவர்களுக்கு எழுதவில்லை. தொகை என் பழைய குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது: 1990 ஆம் ஆண்டு விலையில் 3,450 ரூபா.